எண்ணத் தெரிந்தவர்கள்

14 பிப்ரவரி 2025, வெள்ளி இரவு: நீலாங்கரை

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன் தலையில் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தையும் கட்டினால் என்ன நடக்கும்? இரண்டு வருடமாக மரக்கன்று நட்டேன், நட்ட அன்றே படம் எடுத்தேன், மறுவாரம் அதை ஆடு மேய்ந்தது. சென்னையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள்தான் சொன்னாள்: "அப்பா, இதையே வேலையா செய்யறவங்க பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசறாங்கன்னு ஒரு தடவை வந்து பாருங்க." சனி, ஞாயிறோடு மூன்று நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரவு பதினொன்றரைக்குக் கடற்கரையில் நாற்பது பேர் கூடியிருந்தோம். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. ஊழியர்கள், பாட்டியையும் கூட்டி வந்த ஒரு குடும்பம். இங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், ஆமை முட்டைக் குழிகளைத் தேடி மணலில் நடக்க வேண்டும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988-இல் இருந்து ஒவ்வொரு பருவத்திலும் இப்படி நடக்கிறார்கள். எங்களை அழைத்துப் போன பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பகலில் எங்கோ அலுவலக வேலையாம்.

கிளம்புவதற்கு முன் அவன் எங்களை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டான். "குஞ்சு பொரிச்சு வெளிய வந்ததும் கடல் எந்தப் பக்கம்னு அதுக்கு எப்படித் தெரியும்?" கேட்டுவிட்டுச் சும்மா நின்றான். அலைச் சத்தம், வாசனை, தாய் கூப்பிடும் என்று ஆளுக்கொன்று சொன்னோம். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. வகுப்பில் நான் கேள்வி கேட்டால் மூன்று நொடி பொறுப்பேன். அதற்குள் கை தூக்கவில்லை என்றால் பதிலையும் நானே சொல்லிவிடுவேன்.

பதில், வெளிச்சம். இரவில் கடல் பக்கம்தான் வானம் சற்று வெளுத்திருக்கும், குஞ்சுகள் அதை நோக்கி ஓடும். இப்போது தெருவிளக்கு அதைவிடப் பளிச்சென்று இருப்பதால் சாலைக்கு ஏறிவிடுகின்றன. இதைக் கேட்டுவிட்டு, பத்தாவது நிமிடம் செருப்பு வார் அறுந்ததைப் பார்க்க நான் போனில் டார்ச் போட்டேன். நாற்பது பேர் முன்னிலையில் "சார், லைட்டு!" என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் அதட்டினாள். மகள் இருட்டில் கொஞ்சம் தள்ளி நடக்க ஆரம்பித்தாள்.

முதலில் பார்த்தது செத்த ஆமைகளைத்தான், மூன்று. ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்திருந்தேன், நேரில் பார்ப்பது வேறு. இங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு நம்மைப் போலவே நுரையீரல். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் சிக்கினால் வர முடியாது, கடலுக்குள்ளேயே மூழ்கிச் சாகிறது. பையன் ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எழுதி, ஓட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டான். நாளைக்கு வருகிறவர்கள் அதையே மறுபடி எண்ணிவிடக் கூடாதாம்.

இரண்டரை மணிக்கு ஒரு தடம். சின்ன டிராக்டர் ஒன்று கடலில் இருந்து ஏறி வந்து திரும்பிப் போனது போல. ஆமை போய்விட்டிருந்தது. பையன் குச்சியால் மணலை மெல்லக் குத்திக்கொண்டே வந்தான், ஓரிடத்தில் குச்சி இலேசாக இறங்கியது. அங்கே கையால் தோண்ட, முழங்கைக்கு மேல் உள்ளே போனது. பிறகு பிங்பாங் பந்து போல வெள்ளை முட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். ஒருத்தி 117 என்றாள், இன்னொருத்தன் 118. யாரும் "பரவாயில்லை விடு" என்று சொல்லவில்லை. மறுபடி எண்ணினார்கள். 118.

அந்த இடத்தில்தான் எனக்கு இவர்களைப் பிடித்துப்போனது.

ஆயிரம் குஞ்சுக்கு ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்தக் குழிக்கு ஓர் ஆமைகூடத் தேறாது, எட்டு ஒன்பது குழிக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் முட்டைகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய், தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் குழி எடுத்துப் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் பொரியும். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் அதிகம்.

நான்கு மணிக்குப் பெசன்ட் நகரில் டீ, 15 ரூபாய். "தம்பி, இதுக்கு உங்களுக்கு ஏதாவது தருவாங்களா?" என்று பையனிடம் கேட்டேன். சிரித்தான். "கால்வலி தருவாங்க சார்." மகள் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, படிச்சு முடிச்சிட்டு நானும் இயற்கைக் கல்விப் பக்கம்தான் போகப் போறேன்." இதற்குத்தான் என்னை வரவழைத்திருக்கிறாள்.

15 பிப்ரவரி, சனி: வடநெம்மேலி

நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தோம். கெண்டைக்கால் இரண்டும் கல். வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-இல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது. நாங்கள் வந்தது முதலைக்கு அல்ல, அதே வளாகத்துக்குள் இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு.

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போனது. 1978-இல் சங்கம் வந்தது. அதே பாம்பு, அதே கை. இப்போது எடுப்பது விஷம் மட்டும். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிப்பவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இந்த விஷத்தைத்தான்.

பள்ளத்துக்குள் மண்பானைகள் வரிசையாக, வாய்க்குத் துணி கட்டி. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வெறுங்காலோடு இறங்கினார். கையில் ஒரு கம்பி, அவ்வளவுதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, கண்ணாடிக் குவளையின் வாயில் கட்டிய தோலைக் கடிக்கவிட்டார். மஞ்சளாக இரண்டு சொட்டு. கூட்டத்தில் ஒருவர் "மகுடி ஊதுங்க" என்று கத்தினார். அவர் கோபப்படவில்லை. "மகுடி இங்க அங்க ஆடுது, அதைப் பாத்துத் தலை திரும்புதுங்க. பாட்டுக்கு இல்ல. நீங்க கர்சீப்பை ஆட்டினாலும் ஆடும்." இதே கேள்விக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை இதே பதிலைச் சொல்வார்? குரலில் அது தெரியவில்லை.

காட்சி முடிந்து கூட்டம் செல்ஃபிக்குக் கலைந்ததும் பேச்சுக் கொடுத்தோம். கட்டுவிரியனைக் காட்டி நான் "கருநாகம்" என்றேன். "அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்று என்னை விட்டுக்கொடுக்காமல் தொடங்கி, முதுகில் இரண்டிரண்டாக வரும் வெள்ளை வளையங்களைக் காட்டி, அது படமெடுக்காது என்பதையும் சொல்லி, கடைசியில்தான் "இது கட்டுவிரியங்க" என்றார். திருத்துவதில் இப்படி ஒரு வழி இருக்கிறது. சிவப்பு மையை விட மென்மை.

பானைக்குப் பானை சீட்டு. எந்தத் தேதி வந்தது, எத்தனை முறை விஷம் எடுத்தது. வாரத்துக்கு ஒரு முறை, நான்கு முறை ஆனதும் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டுக் குறி வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு உடனே திரும்பி அகப்பட்டால் குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இவரும் எண்ணுகிறவர்தான்.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. கேட்டேன். பிடிக்கும் பாம்புக்கு இவ்வளவு என்று சங்கம் தரும், எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி தாமதமானால் வருமானமும் தாமதம். மகள் என் சட்டையை இழுத்தாள்.

கிளம்பும்போது வாசல் மணலைக் காட்டி, "இது ராத்திரி போயிருக்கு, சாரைங்க" என்றார். நான் குனிந்து பார்த்தேன், மணல்தான் தெரிந்தது. 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறியபோது இங்கிருந்துதான் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரைக் கூட்டிப்போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. 'நேச்சுரலிஸ்ட்' என்று அட்டை மாட்டிக்கொண்டவர்களை விடுதிகளில் பார்த்திருக்கிறேன். இவர் கழுத்தில் அட்டை எதுவும் இல்லை.

அவர் சொன்ன ஒன்றைச் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன். கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் சாகிறார்கள் என்பது ஆய்வுக் கணக்கு. பாதிப் பேருக்கு மேல் என் பள்ளி இருப்பது போன்ற கிராமத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

மதியம் சாலையோர மெஸ்ஸில் மீன் சாப்பாடு 130 ரூபாய். சங்கரா வறுவல் தனி. பரிமாறிய அம்மா மகளைப் பார்த்து, "பாப்பா பாம்பு பாக்கவா வந்துச்சு?" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

16 பிப்ரவரி, ஞாயிறு: வேடந்தாங்கல்

ஞாயிற்றுக்கிழமை இங்கே வரக் கூடாது. சிப்ஸ் பாக்கெட், புளூடூத் ஸ்பீக்கர், கூவிக் கூவிப் பறவையைக் கூப்பிடும் மாமாக்கள்.

மகளுக்கு வேறு வழியில்லை. 14 முதல் 17 வரை உலகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணிப் பதிய வேண்டும். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தமிழ்ப் பெயர்களே பாதிப் பாடத்தை நடத்திவிடுகின்றன.

பக்கத்தில் முப்பது பள்ளிப் பிள்ளைகளோடு ஓர் இளம் பெண். கையில் மைக் இல்லை, விசில் இல்லை. பிள்ளைகள் சத்தம் போடப் போட அவள் குரலைக் குறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது. முப்பது பேரும் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் அடங்கி நெருங்கி வந்தார்கள். இருபது வருட சர்வீஸில் இது எனக்குத் தோன்றவில்லையே! அப்புறம் அவள் எண்ணக் கற்றுக்கொடுத்தாள். "பத்து பறவையை மட்டும் ஒழுங்கா எண்ணுங்க. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல வச்சுக்கோங்க. இப்ப அந்த மாதிரி எத்தனை பத்து இருக்குன்னு பாருங்க." தோராய மதிப்பு. எட்டாம் வகுப்புக்கு நான் எண்களை முழுதாக்கச் சொல்லி நடத்தும் அதே தோராய மதிப்பு.

இந்த ஏரிப் பறவைகளை ஊரார் காத்துவருவது 18-ஆம் நூற்றாண்டில் இருந்தே. சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து முறையிட்டு, லயோனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கியதாகச் சொல்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கும் இங்கே வெடி இல்லை. அந்த ஊருக்குள் நின்றுதான் நாம் ஸ்பீக்கர் போடுகிறோம்.

17 பிப்ரவரி, திங்கள்: பிச்சாவரம், பிறகு ஒரு பை

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது சரிதான். சிதம்பரம் விடுதியில் ஜன்னல் கதவு மூடவில்லை, இரவெல்லாம் இருமல். காலையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டதும் எல்லாம் மறந்தது. இரண்டு பேருக்கு 110 ரூபாய்.

துடுப்புப் படகுக்காரர் ஏறியதில் இருந்து எம்.ஜி.ஆர் எங்கே நின்றார், கமல் எங்கே நின்றார் என்பதையே சொல்லிக்கொண்டு வந்தார். மகள் முகம் சுருங்கியது. அரைமணி நேரம் கழித்து, "இந்த மரம் என்னண்ணே?" என்று சும்மா கேட்டேன். துடுப்பு நின்றது. "நெசமாவே கேக்கறீங்களா?"

அதற்குப் பிறகு சினிமா வரவே இல்லை. சுரபுன்னைக் கிளையில் பச்சை முருங்கைக்காய் போல ஒன்று தொங்கியது. அது காயில்லை, மரத்திலேயே முளைவிட்ட கன்று. பழுத்ததைப் பறித்து, கூர்முனை கீழே இருக்கும்படி சேற்றில் விட்டார். குத்திக்கொண்டு நின்றது. "தாயே முளைக்கவச்சு எறக்கி விடுது சார். எறங்கின எடத்துல நின்னுக்கும்." என் மன்றத்துக் கன்றுகளையும் ஆடுகளையும் நினைத்துக்கொண்டேன். தில்லை மரத்தைக் காட்டியபோது மட்டும் படகைத் தள்ளி நிறுத்தினார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்ததுதான். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதைச் சொல்லும்போது துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். வருகிறவர்கள் கேட்பது ஷூட்டிங் இடத்தைத்தான், அதனால் அதைச் சொல்கிறார். வருமானம், தன் முறை வரும்போது கிடைக்கும் சவாரிக்கு ஏற்ப. (கேட்டேன். இந்த முறை மகள் சட்டையை இழுக்கவில்லை, பதிலை அவளும் கவனித்தாள்.)

மதியம் வெயில் பிளந்தது. மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று மாறி மாறி பஸ். நாகையில் டீ குடித்துவிட்டு, கிளம்பிய வேதாரண்யம் பஸ்ஸில் ஓடி ஏறினோம். பத்து நிமிடம் கழித்து மகள் அலறினாள். கல்லூரியில் இரவல் வாங்கிய பைனாகுலர் பை இல்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி எங்களைப் பார்க்கிறார், அதற்குள் பின்னால் டிவிஎஸ் ஃபிப்டியில் ஒரு பையன் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறான். பஸ் நின்றது. பையை நீட்டினான். நான் நெகிழ்ந்து போய் 200 ரூபாய் எடுத்தேன். "அதெல்லாம் வேணாம் சார். டீக்கு முப்பது ரூபா குடுக்காமப் போயிட்டீங்க, அதுக்குத்தான் வந்தேன். பை அங்கயே இருந்துச்சு, அதையும் எடுத்தாந்தேன்." பஸ்ஸே சிரித்தது.

18 பிப்ரவரி, செவ்வாய்: கோடியக்கரை

அதிகாலையில் வேதாரண்யத்தில் ஆட்டோ பேசினோம், போக வர 700 ரூபாய். வழிகாட்டிய பெரியவருக்கு அறுபது இருக்கும். 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய இங்கே பெரிய அளவில் அவற்றின் காலில் வளையம் மாட்டியபோது, இளைஞராக வலை தூக்கப் போனவர். பறவையியல் அறிஞர் சாலிம் அலியைப் பார்த்திருக்கிறீர்களா என்று மகள் ஆவலாகக் கேட்டாள். "தூரத்துல. நமக்கு வலையில என்ன இருக்குங்கிறதுலதாம்மா கண்ணு."

வெட்டவெளியில் வெளிமான்கள். ஆண்களுக்கு முதுகு கறுத்து, கொம்பு திருகித் திருகி. காட்டுக் குதிரைகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. சீமைக் கருவேலம் புகுந்திருக்கும் இடங்களைப் பெரியவர் ஒவ்வொன்றாகக் காட்டினார், வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தின் அளவைச் சுவரில் காட்டுவது போல.

என் கைக்குட்டையை வாங்கி உருட்டிப் பறவையாக்கி, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கைக்குள் முதுகு, இறுக்கவே கூடாது. "கொசு உள்ளான் இருவத்தஞ்சு கிராம் இருக்கும் சார். கையில நெஞ்சு துடிக்கிறது தெரியும். சைபீரியாவுல இருந்து வந்திருக்கும். நாம இறுக்கிட்டா அவ்ளோ தூரம் வந்தது வீண்." காலில் மாட்டும் வளையத்தில் எண்ணும், கண்டால் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற வரியும் இருக்கும். சில எண்கள் அவருக்கு இன்னும் மனப்பாடம். ஒன்றைச் சொன்னார், நான் எழுதிக்கொள்ளவில்லை. தப்பு.

உப்புச் சேற்றில் என் புதுச் செருப்பும் போனது. இந்தப் பயணத்தில் இரண்டாவது ஜோடி.

தூரத்தில் பூநாரைகள். முதலில் வெள்ளைக் கோடு போலத்தான் தெரிந்தன. மூன்று பேரும் தனித்தனியாக எண்ணி, முடிக்கும்வரை சொல்லக் கூடாது என்பது மகள் போட்ட விதி. நான் பத்துப் பத்தாக அடுக்கினேன். 380. மகள் 430. பெரியவர் 410. யார் சரி? அவர் சிரித்தார். "இருங்க, எந்திரிக்கும். நிக்கையில ஒண்ணு பின்னால ஒண்ணு மறைஞ்சிருக்கும்." ஏதோ பருந்து வந்திருக்க வேண்டும், மொத்தமும் எழுந்தது. இறக்கைக்கு அடியில் அத்தனையும் சிவப்பு. நான் எண்ண மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை. "நானூத்தி அறுவதுக்குக் கொறையாது." கணக்கெடுப்பு நேற்றே முடிந்துவிட்டது. இருந்தாலும் மகள் பதிந்தாள்.

திரும்பும் வழியில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "சீசன்ல நாள் கூலி சார். சீசன் முடிஞ்சா உப்பளம். இல்லாட்டி வலை பின்னுவேன்." அவர் இறங்கிப் போனதும் மகள் சொன்னாள்: "கேளுங்கப்பா, கேக்கணும்னு நெனச்சதைக் கேளுங்க." நான் கேட்கவில்லை. அவள் கேட்டாள். "நீங்க வேலைக்குச் சேரும்போது எவ்வளவு?"

2004. தொகுப்பூதியம். 4,000 ரூபாய். அந்தக் காசில் ஒரு குடும்பமா என்று என் அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

"மீன் சாப்பிடலாமா?" என்றேன்.

20 பிப்ரவரி, வியாழன்: பள்ளி

பள்ளி வாசல் புளியமரத்தில் சாயங்காலம் மைனாக்கள் அடையும், இத்தனை வருடம் அது எனக்குச் சத்தம் மட்டும்தான். மன்றத்துப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி, எத்தனை என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். ரொம்பக் கஷ்டம். நாற்பது, இருநூறு, ஆயிரம் என்று வந்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன், "சார், அது உக்காரவே மாட்டேங்குது, எப்படி எண்றது?" என்றான். முதலில் பத்தை மட்டும் எண்ணச் சொன்னேன். விரலை நீட்டி ஆரம்பித்தான். ஏழில் ஒன்று பறந்தது, மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கினான்.

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு நடைக்குப் பெயர் கொடுக்கப் போயிருப்பாள்.